மலிவாக வரும் வைர வாட்ச்

கேள்வி: கண்ணைப் பறிக்கிற ஆடம்பர மெக்கானிக்கல் வாட்சுகளை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சேர்க்க ஆசை. வைரம் பதித்த ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: மலிவு என்றதுமே எனக்கு வைரத்தின் மேல்தான் சந்தேகம். கம்பெனி பதித்ததா, யாரோ பிறகு வெளியில் கொடுத்துப் பதித்ததா என்று பாருங்கள். வெளியில் பதித்தது என்றால், கல் நிஜ வைரமாகவே இருந்தாலும் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இறங்கிவிடும், சில கம்பெனிகள் சர்வீஸுக்கே எடுக்க மாட்டார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லைப் பிடித்திருக்கும் உலோகப் பற்கள் ஒழுங்கில்லாமல் இருப்பது பல நேரம் தெரிந்துவிடும்.

அடுத்தது பாலிஷ். புதுசு போல மின்னினால் மயங்காதீர்கள், திரும்பத் திரும்பத் தேய்த்த கேஸில், அதாவது வாட்சின் வெளிக்கூட்டில், கூர்மையான விளிம்பெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கும், தேய்ந்துபோன உலோகம் திரும்பி வராது. கீறலோடு இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

சரி, பகட்டு என்றால் கல் மட்டும்தானா? ஃபிராங்க் முல்லர் என்ற சுவிஸ் கம்பெனியின் ‘கிரேஸி அவர்ஸ்’ (2003) வாட்சைப் பாருங்கள். டயலில் எண்கள் கலைந்து கிடக்கும், 12 இருக்க வேண்டிய உச்சியில் 8 உட்கார்ந்திருக்கும். நிமிட முள் ஒரு சுற்று முடித்ததும் மணி முள் ஐந்து இடம் தாண்டிச் சரியான எண்ணில் போய் நிற்கும். விளையாட்டுத்தனம்தான், ஆனால் மெக்கானிசத்தில் காட்டிய பகட்டு!

எதை வாங்கினாலும் சர்வீஸ் செலவை முதலிலேயே கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். அப்புறம், பெட்டியும் பேப்பரும் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள், அதிலும் போலி உண்டு. சீரியல் எண் பொருந்துகிறதா என்று பார்த்து, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.