இளம் நட்சத்திரத்துக்கு எட்டு வருடமா, இரண்டு வருடமா?

கேள்வி: வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் 'பிரிட்ஜ்' ஒப்பந்தம் என்கிறார்களே, அது அணிக்கு லாபமா? அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கும்போது, இளம் வீரரை ஆரம்பத்திலேயே நீண்ட காலத்துக்குப் பிடித்துவைப்பதுதானே நல்லது?

பதில்: வீரர் மீது நம்பிக்கை இருந்தால், ஆம், நீண்ட ஒப்பந்தமே நல்லது. 18 முதல் 21 வயதுக்குள் சேருபவருக்கு முதல் ஒப்பந்தம் 3 வருடம். அது முடிந்தாலும் அவர் மீதான உரிமை அணியிடமே இருக்கும். சம்பளத் தகராறைத் தீர்த்துவைக்கும் நடுவரிடம் போகும் தகுதியும் பலருக்கு அப்போது வந்திருக்காது. பேரம் பேச வலுவில்லாத அந்த நேரத்தில் 2, 3 வருடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் போடுவதுதான் பிரிட்ஜ்.

மான்ட்ரியல் அணி 2013 ஜனவரியில் பி.கே. சுப்பனுக்கு 2 வருடத்துக்கு மொத்தம் 57.5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த சீசனிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை அவருக்குக் கிடைத்தது. 2014 ஆகஸ்டில் 8 வருடத்துக்கு மொத்தம் 7.2 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் மிச்சம் பிடித்ததற்கு எட்டு வருடம் விலை!

கொலராடோ 2016-இல் நேதன் மக்கினனுடன் 7 வருடத்துக்கு, ஆண்டுக்கு 63 லட்சம் என்று முடித்தது. அன்றைய உச்சவரம்பு 7.3 கோடி, அதில் இது 8.6 சதவீதம். 2022-இல் அணி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்ற சீசனில் வரம்பு 8.15 கோடி, அவர் பங்கு 7.7 சதவீதம். சம்பளம் நின்ற இடத்தில் நின்றது, வரம்பு ஏறியது. அடுத்த ஒப்பந்தத்தில் அவர் வாங்கியது ஆண்டுக்கு 1.26 கோடி, சரியாக இரு மடங்கு. அதனால்தான் டாலரைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள் என்கிறோம்.

கேள்வி: அப்படியானால் பிரிட்ஜ் எப்போது பொருந்தும்?

பதில்: கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து, இந்த வருடம் வரம்பில் இடம் இல்லாதபோது. டாம்பா பே 2019-இல் பிரேடன் பாயிண்டுக்கு ஆண்டுக்கு 67.5 லட்சம் வீதம் 3 வருடம் கொடுத்தது. அந்த மூன்று வருடத்துக்குள் 2020, 2021 கோப்பைகள் வந்தன. இரண்டு பிளே-ஆஃபிலும் அவர் அடித்தது தலா 14 கோல். பிறகு ஆண்டுக்கு 95 லட்சம் வீதம் 8 வருடம் கொடுத்தார்கள். அந்த விலை தகும்.

ஆனால் காலத்தை எண்ணுவதில் தவறக்கூடாது. 27 வயதானாலோ 7 சீசன் முடிந்தாலோ வீரர் முழுச் சுதந்திரம் பெறுவார். 18 வயதில் ஆட வந்தவருக்கு முதல் 3 வருடத்துடன் 4 வருட பிரிட்ஜ் போட்டால், 25 வயதில் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அப்படிப்பட்டவருக்கு பிரிட்ஜ் 3 வருடத்தைத் தாண்டவே கூடாது.

கடைசி வருடச் சம்பளத்தையும் கவனியுங்கள். உரிமையைத் தக்கவைக்க அணி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ஒப்பந்த அழைப்பின் தொகை அதை வைத்துத்தான். பாயிண்டின் கடைசி வருடம் 90 லட்சம். பழைய விதிப்படி அழைப்பும் அதே தொகை. 2020-இல் மாறிய விதிப்படி, கடைசி வருடச் சம்பளம், ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியின் 120 சதவீதம் இரண்டில் எது குறைவோ அது. அவர் கணக்குக்கு இதைப் போட்டால் 81 லட்சம்தான் வரும்.

கேள்வி: பேச்சு இழுத்துக்கொண்டே போனால்?

பதில்: டிசம்பர் 1-க்குள் கையெழுத்தாகாவிட்டால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது. வில்லியம் நைலாண்டர் 2018-இல் அந்தக் கடைசி நாளில்தான் டொராண்டோவுடன் கையெழுத்திட்டார்.

கேள்வி: நீண்ட ஒப்பந்தம் கொடுத்த பிறகு வீரர் சோபிக்காவிட்டால்?

பதில்: 26 வயதுக்குள் ஒப்பந்தத்தை முறித்து விலக்கினால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதன்பின் என்றால் மூன்றில் இரண்டு பங்கு அவருக்குக் கொடுக்க வேண்டும். மீதமுள்ள ஆண்டுகளைப் போல இரு மடங்கு காலத்துக்கு அது வரம்பில் உட்கார்ந்திருக்கும். கையெழுத்து போனஸாக எழுதிய தொகை குறையாது. ஒப்பந்தத்தில் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.