அடுத்த பெட்டியில் நின்றவர்

அன்புள்ள அக்கா,

எங்கள் தாத்தா சென்ற மாதம் குன்னூரில் காலமானார். வயது 86. நீலகிரி மலை ரயிலில் 1961 முதல் 1997 வரை, 36 வருடம் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்தவர். காரியத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நாங்களே அசந்துபோனோம். பாதிப் பேர் யாரென்றே வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வருடத் திதிக்கு அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு நினைவு மலர் போட ஆசை. எழுதிய இரண்டு பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் எத்தனை பக்கம் இருக்கலாம்? படங்கள் எவ்வளவு போடலாம்? அப்பாவுக்கு அவர்மேல் ஒரு மனக்குறை உண்டு. "ஊருக்கெல்லாம் நேரம் இருந்தது, வீட்டுக்கு இல்லை" என்பார். அதை எழுதலாமா, விட்டுவிடலாமா?

ம.
பெங்களூரு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவும் நானும் என் தாத்தாவின் டார்ச் லைட்டைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். வேறொரு நாள் வந்திருந்தால் ஆறுதலாக நாலு வரி எழுதியிருப்பேன். இப்போது அப்படி முடியவில்லை.

பக்கக் கணக்கையும் படங்களையும் அச்சகத்துக்காரரிடம் கேளுங்கள். அப்பாவின் மனக்குறையைக் கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் அனுப்பியதிலேயே உயிருள்ள வரி அது ஒன்றுதான். அதுவும் கடிதத்தில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை.

அந்த இரண்டு பக்கத்தில் "எல்லோரிடமும் அன்பாகப் பழகினார்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "எப்போதும் சிரித்த முகம்" இரண்டு தடவை. எல்லோரிடமும் என்றால் யாரிடம், தம்பி? ஒரு பெயர்கூட இல்லையே! இந்த வரிகளை எந்த ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வேண்டுமானாலும் ஒட்டலாம், பொருந்தும். 36 வருடம் அந்தப் பாதையில் ஏறி இறங்கிய மனிதருக்கு இது போதுமா?

அந்த ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் விசில் கொடுப்பதைக் கேட்டுத்தான் பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் இடமெல்லாம் அந்தப் பாதையில் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர மூன்று மணி நேரத்துக்கு மேல், மழையோ மூடுபனியோ, வெளியேதான் நிற்க வேண்டும். உங்கள் தாத்தா நின்றபோது அடுத்த பெட்டியில் நின்றவர் யார்? ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் யாரோடு டீ குடித்தார்? தண்டவாளம் பராமரிக்கிற எந்த கேங்மேன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்? வந்த கூட்டத்தில் பாதிப் பேரைத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலில் நின்று கைகூப்பியபோது, "நீங்க தாத்தாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்று பத்துப் பேரிடமாவது கேட்டிருக்கலாமே. எனக்கு அதில்தான் கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.

என் தாத்தா 1972-இல் இலங்கையிலிருந்து வந்தவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்களே, அந்தக் கணக்கில் எங்கள் வீட்டார் ஐந்து பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய சேரம்பாடிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டை லயம் என்போம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. ஒரு குடும்பம் பதுளை, ஒன்று அட்டன், ஒன்று நுவரெலியா. முன்பின் பார்த்திராத ஜனம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க அத்தை கிடையாது, சித்தி கிடையாது.

தாத்தா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்க எந்தத் தோட்டம்?" பதில் வந்ததும் தோண்டிக்கொண்டே போவார். எந்த டிவிசன், கங்காணி யார், பொண்ணு எடுத்தது எங்கே. எப்படியும் ஒரு நூல் கிடைத்துவிடும். "அப்படின்னா நீ எனக்கு மருமகன் முறைடா" என்று அங்கேயே முடிவாகிவிடும். ஒரு வருடத்தில் மலையாளமும் பேசினார். மளிகைக் கடை வைத்திருந்த மலையாள முஸ்லிம் பெரியவர் மாப்பிள்ளாக் காக்காவின் மகள் பிரசவ தேதிகூட அவருக்குத் தெரியும்.

பாட்டிக்கு இது பிடிக்காது. நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த மனுசன், கால் கழுவியதும் ரோட்டோரம் போய் உட்கார்ந்துகொள்வார். போகிற வருகிற எல்லோரிடமும், "எங்க போற? எந்த பஸ்ல வருவ?" என்று கேட்பார். "வெட்டிப் பேச்சு" என்று பாட்டி திட்டுவார். எனக்குப் பதினாலு வயதில் அது பெரிய அவமானம். கூடலூருக்குப் பஸ்ஸில் போனால், முன்சீட்டு அம்மாளின் வியாதி, பின்சீட்டுப் பையனின் பரீட்சை என்று எல்லாம் விசாரிப்பார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவரோடு வராதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

1996-இல் இறந்தார். எங்கள் வீட்டிலும் பெரிய கூட்டம். எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்று நாங்களும்தான் சொன்னோம்.

அவர் இறந்து இரண்டு மாதம் இருக்கும். லயத்துக்காரர் ஒருவர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவே வழியில் யானை. பூட்டிய கடையின் திண்ணையில் விடியவிடியக் குந்தியிருந்துவிட்டுக் காலையில் வந்தார். உடம்பெல்லாம் விறைத்துப்போயிருந்தது. பாட்டி கொடுத்த சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பெருசு இருந்திருந்தா டார்ச் வெளிச்சம் வந்திருக்கும்."

அப்புறம்தான் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். யார் எங்கே போயிருக்கிறார்கள், யார் இன்னும் திரும்பவில்லை என்று தினமும் பொழுது சாயும்போது தாத்தாவின் தலைக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் வருகிறவர்களிடமே கேட்டு வைத்திருப்பார். கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு, கூட இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றுவிடுவார். அவர் ராத்திரி ஊர்சுற்றப் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வால்பாறைப் பக்கம் இன்று யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறார்கள், சிவப்பு விளக்கு எரியவிடுகிறார்கள். என் தாத்தா அதை "எங்க போற?" என்று கேட்டே செய்தார்.

அதனால், கலகலப்பானவர், பிறவிக் குணம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. மனிதர்களோடு பழகுவது வேலை. கவ்வாத்து மாதிரி, பிரேக் பிடிப்பது மாதிரி, தினமும் உடம்பு நோகச் செய்கிற வேலை. நூறு பேர் எங்கே போகிறார்கள், என்ன கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வைத்திருப்பது சும்மா வராது. அதற்கு நேரம் போகும். அந்த நேரம் வீட்டிலிருந்துதான் எடுக்கப்படும். உங்கள் அப்பா சொல்வது பொய்யே இல்லை, தம்பி. என் அம்மாவும் அதையே சொல்வாள். ஒரு தீபாவளி ராத்திரி முழுக்கத் தாத்தா யார் வீட்டிலோ இருந்தார் என்று அந்தப் போனில்கூட அழுதாள். இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் அது யார் வீடு என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக்காரரே சொன்னார். அவர் பெண்டாட்டி இறந்த ராத்திரி அது.

தாத்தாவோடு பழகியவர்களிடம் கேட்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்டால் வேறு பதில் வரும்.

திதிக்குள் மலர் வர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. தாத்தாவோடு வேலை பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும், குன்னூர்க் குளிர் வேறு. அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறுங்கள். அடுத்த பெட்டியில் நின்றவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.