கேள்வி–பதில்: ‘ஐ’யும் ‘ஔ’வும் வேண்டாம்

மார்த்தாண்டம் வாசகர்: ‘ஃப்ரைடே நைட் ஃபங்கின்’ (தாளத்துக்கு ஏற்ப அம்புக்குறிகளை அழுத்தி, எதிராளியோடு பாடிப் போட்டியிடும் கணினி விளையாட்டு) பாட்டு ஒன்றில், எதிராளியின் குரலுக்குப் பதில் நான் வரைந்த அனிமே பெண்ணைப் பாடவைக்கிறேன். தங்கை சொன்ன ஒரே ‘ஆ’வைத்தான் எல்லா சுருதிக்கும் ஏற்றி இறக்கினேன். மேலே போனால் அணில், கீழே போனால் பேய்!

ஒரே ஒலியை அவ்வளவு தூரம் இழுத்தால் அப்படித்தான் ஆகும். சுருதியோடு சேர்ந்து குரலின் சாயலும் ஏறிவிடுகிறது. காது அதைச் சின்ன வாயிலிருந்து வரும் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. தங்கையை மறுபடி உட்காரவையுங்கள். கீபோர்டில் ஸி, ஈ, ஜி ஷார்ப் என்று மூன்று கட்டையை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, அதே சுருதியில் பாடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவையும் ஒரு அரைச்சுரம் (பக்கத்துக் கட்டை அளவு) கீழே, இரண்டு மேலே மட்டும் நகர்த்தினால், ஒன்றுக்கு நான்காக 12 ஸ்வரஸ்தானமும் வந்துவிடும். அதற்குமேல் இழுக்கவே தேவையில்லை.

ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஐந்தும் போதும். ஆக மொத்தம் 15 பதிவு. ‘ஐ’யும் ‘ஔ’வும் வேண்டாம். பாதி வழியில் வாய் ‘இ’க்கோ ‘உ’வுக்கோ திரும்பிவிடும், நீட்டினால் அந்தத் திருப்பம் அசிங்கமாகத் தெரியும். இரண்டு விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும், கமகம் கூடாது. பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் பெரும்பாடு! வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால், இரு முனையிலும் 10 மில்லிவிநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) கொடுங்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: சன்னலைச் சாத்தினாலும் பதிவில் காற்று ‘கும்’மென்று இரைகிறது. மழை வந்தால் தகரக் கூரைச் சத்தம் வேறு.

காற்றின் இரைச்சல் பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், அடிமட்ட ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெண்குரல் பாடும்போது பொதுவாக 200-க்கு மேல்தான் இருக்கும் என்பதால் எதுவும் குறையாது. தகரத்தில் விழும் மழைக்கு இது பலிக்காது. அது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை முறுக்கினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். மழை விடட்டும்.

நாகர்கோவில் வாசகர்: அம்புக்குறிகள் தொடக்கத்தில் சரியாக விழுகின்றன, போகப்போகப் பாட்டை விட்டு விலகுகின்றன.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் ப்ளூடூத் ஹெட்செட்டையோ, எம்பி3 கோப்பின் தலையில் ஒட்டிக்கொள்ளும் சிறு மௌனத்தையோ சந்தேகிக்கலாம். உங்களுடையது வளர்கிற பிழை, பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) தப்பு. 150 பிபிஎம் பாட்டில் ஒரு தட்டு 400 மில்லிவிநாடி. 149 என்று போட்டால் தட்டுக்கு 2.7 மில்லிவிநாடி பிசகும். இந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த சைக் எஞ்சினில் ‘சிக்’ என்ற உச்ச மதிப்பீட்டை வாங்க 45 மில்லிவிநாடிதான் இடம். 17 தட்டில், அதாவது ஏழு விநாடியில், அது தீர்ந்துவிடும். பிபிஎம்மைக் காதால் ஊகிக்காமல், நூறு தட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறதென்று அளந்து, 6000-ஐ அதால் வகுங்கள்.

இசையையும் குரலையும் ஒரே நீளத்தில், இரண்டும் பூஜ்ஜியத்தில் தொடங்கும்படி, ஓஜிஜி கோப்புகளாக எடுங்கள்.

குளச்சல் வாசகர்: கணினியில் ஓடும் பாத்திரம், பழைய போனில் தெரியவே இல்லை. பட அளவைப் பாதியாக்கினேன். இப்போது தலை வெட்டுப்படுகிறது.

பிஎன்ஜி கோப்பு வட்டில் 2 எம்பி இருக்கலாம். நினைவகத்தில் அகலம் × உயரம் × 4 பைட். 4096 பிக்சல் சதுரம் என்றாலே 64 எம்பி. பல பழைய போன்கள் அதைவிடப் பெரிய படத்தை ஏற்காது. பாதியாக்கியது சரிதான். ஆனால் எந்த அசைவு படத்தில் எங்கே இருக்கிறதென்று சொல்லும் எக்ஸ்எம்எல் இன்னும் பழைய அளவையே சொல்கிறது. படத்தை மட்டும் சுருக்காமல், அனிமேஷன் மென்பொருளிலிருந்தே இரண்டையும் சேர்த்துப் பாதி அளவில் மறுபடி எடுத்து, சைக் எஞ்சினின் கேரக்டர் எடிட்டரில் ஸ்கேலை 2 ஆக்குங்கள். எதிராளிக்குச் சும்மா நிற்பது ஒன்று, நான்கு திசைக்குப் பாடுவது நான்கு, ஆக ஐந்து அசைவு போதும்.