துன்பக் காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் உண்மையிலேயே நம்பிக்கை தருகிறதா?

தருகிறது. ஆனால் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கையில் கொடுப்பார்களே வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை, அது தரும் நம்பிக்கை வேறு, நான் சொல்வது வேறு.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய வருடம் எங்களுக்குக் கிடைத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற அந்த வசனத்தைச் சுவரில் மாட்டாத கிறிஸ்தவ வீடு எங்கள் பெரம்பூர், அயனாவரம் பக்கம் குறைவு. அதற்கு முந்தைய வசனத்தைத்தான் யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகே உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் இது. அது வந்தபோது பெரியவர்களாக இருந்தவர்கள் ஊர் திரும்பாமலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கு எரேமியா சொல்வது இதுதான்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். அப்பா குணமாகட்டும் என்று மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தோம். சரி, வாரம் மூன்று முறை மருத்துவமனை என்பதுதான் இனி நம் பாபிலோன், அதற்குள்ளேயே குடியிருப்போம் என்று முடிவு செய்து தங்கையின் கல்யாணத்தை அந்த வருடமே நடத்தினோம். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி குறித்தோம். பஞ்சாங்கம் பார்க்காத வீட்டில் எங்களுக்குத் தெரிந்த நல்ல நாள் அதுதான்.

அப்புறம் மனிதர்கள். பார்க்க வந்த ஒருவர், "எங்கேயோ பாவம் இருக்கு தம்பி, அறிக்கை பண்ணுங்க" என்றார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்பதும் இதைத்தான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. உங்களிடமும் யாராவது இப்படி ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதே சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர், ஜெபிப்பதற்கு முன்னால் அம்மாவிடம், "அண்ணனுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?" என்று கேட்டார். பொட்டாசியம் சேரக் கூடாது, காயை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த டயாலிசிஸ் அன்று அதே பக்குவத்தில், உப்பு குறைத்த சுரைக்காய்க் கூட்டு தூக்குவாளியில் வந்தது. ஓய்வு பெற்ற இன்னொருவர் வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும்வரை என்னோடு அலைந்தார். டயாலிசிஸுக்கு அதில் இடமுண்டு என்றே அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஜெபங்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்த மாதிரித்தான் வந்தது.

அப்பா குணமாகவில்லை. அப்போஸ்தலர் பவுலும், 'மாம்சத்தில் முள்' என்று தான் சொன்ன உபத்திரவத்தை எடுத்துவிடச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று முறை கேட்டார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் கிடைத்தது. சில நாள் எனக்கு அது போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 88 வாசிப்பேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது துதிக்குத் திரும்பும், இது இருளிலேயே முடிந்துவிடும். அதையும் நீக்காமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறுதல்.

நீங்களே கஷ்டத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்றால், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்காதீர்கள். சங்கீதம் 13 ஆறே வசனம், அது போதும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் விசாரிப்பும் தாங்கவில்லையா, வார நாளில் சாந்தோமிலோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலோ போய்ச் சும்மா உட்காருங்கள். அவை கத்தோலிக்கக் கோயில்கள், நான் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபை, ஆனாலும் போவேன். எந்தச் சபை என்று யாரும் கேட்டதில்லை.

தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் மட்டும் ஜெபத்தோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள், அல்லது தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழையுங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான், கொலோசெயர் 4:14-ஐப் பார்க்கச் சொல்லுங்கள்.