பதில்: மாமாவின் டிஐ-59, பூஞ்சை பிடித்த கையேடுகள்

வணக்கம். ஸ்டோர் அறையில் கிடைத்த டிஐ-59 கால்குலேட்டர் அடாப்டர் போட்டும் எரியவில்லை, கூடவே இருந்த புத்தகங்களைப் பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்கள். பேட்டரி பேக் இல்லாமல் அடாப்டரைச் செருகினால் இந்தக் கால்குலேட்டரே பழுதாகிவிடும். பேக்கினுள் இருப்பவை ஏஏ அளவு நிக்கல்-காட்மியம் செல்கள் மூன்றுதான். புது செல்களைச் சாலிடர் செய்து போடலாம். சிங்கப்பூர் சிம் லிம் டவரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். உயிர் வந்தாலும் நிரலைச் சேமிக்கும் காந்த அட்டையை உடனே உள்ளே விடாதீர்கள். அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை இத்தனை வருடத்தில் பிசினாகியிருக்கும், இது 1977இல் வந்த மாடல். உருளையை மாற்றிய பிறகுதான் அட்டை.

அப்புறம், புத்தகங்களைப் போடவே போடாதீர்கள்! 960 படிகள் வரை நிரல் எழுதக்கூடிய கருவி அது. கையேடு இல்லாமல் பாதி விசைகள் புரியாது. டிடிஎல் வகை லாஜிக் சிப்களின் விவரம் தரும் டேட்டா புக்கும் அப்படித்தான். 7400 சிப்பில் மின்சாரம் 14ஆம் காலில், கிரவுண்ட் 7இல். அதே பழக்கத்தில் 7490ஐ இணைத்தால் போச்சு, அதில் 5உம் 10உம். பிடிஎஃப் கிடைக்கும்தான், ஆனால் சாலிடரிங் மேசையில் விரித்து வைக்கக் காகிதம்தான் வசதி.

பூஞ்சைக்கு: முகக்கவசம் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குத் திரும்பவும் ஸ்டோர் அறை சரிவராது. கேமரா வைக்கும் டிரை கேபினட் யாரிடமாவது இருந்தால் அதில் ஒரு தட்டு கேளுங்கள்.