மிலான் நகரில் ஒரே ஒரு பகல் கிடைத்தால் ஓடாமல் எதைப் பார்க்கலாம்?

வெனிசிலிருந்து சுவிட்சர்லாந்து செல்லும் வழியில் மிலானில் ஒரு பகல் மட்டும் தங்குகிறீர்கள் என்றும், கடை கடையாக ஏறி இறங்க விருப்பமில்லை என்றும், நிதானமாகப் பார்க்கத் தக்கவை எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த நகருக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை ஒன்பது இடங்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு அலைந்ததில் காலில் கொப்புளமும் கைப்பேசியில் நானூறு படங்களுமே மிஞ்சின. இரண்டாம் முறை தனியாகச் சென்றபோது, காலையில் ஒரு பேராலயத்தின் பளிங்கையும் மாலையில் அந்தப் பளிங்கைச் சுமந்து வந்த வாய்க்காலையும் பார்ப்பது, நடுவில் ஓர் ஓவியம், அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த நாளையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று நகரின் முக்கியமான அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும்.

காலையில் கூட்டம் சேர்வதற்குள் துவோமோ எனப்படும் பேராலயத்துக்குச் சென்றுவிடுங்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கும்போது கூரைக்கும் சேர்த்தே வாங்குங்கள். மின்தூக்கிக்குக் கட்டணம் கூடுதல், படிகள் ஏறத்தாழ இருநூற்றைம்பதுதான். 1386-இல் தொடங்கிய கட்டுமானம் 1965-இல் கடைசி வெண்கலக் கதவு பொருத்தப்பட்ட பிறகே முடிந்ததாகக் கணக்கு. முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும் எந்தக் காரியத்தையும் 'துவோமோ கட்டுவதைப் போல' என்று மிலான்காரர்கள் சொல்வது இதனால்தான். முகப்பு வேலை நெடுங்காலம் அரைகுறையாகவே நின்றிருந்தது. 1805-இல் இத்தாலியின் அரசனாக இங்கே முடிசூடிக்கொண்ட நெப்போலியன்தான் அதை முடிக்கும்படி உத்தரவிட்டான்.

கூரையில் நடப்பதுதான் இந்த நகரம் தரும் மிகப் பெரிய இன்பம் என்பேன். காலடியிலும் பளிங்குப் பலகைகளே. சுற்றிலும் 135 கூர்முனைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை. எல்லாவற்றுக்கும் மேலே, தரையிலிருந்து 108.5 மீட்டர் உயரத்தில், 1774-இல் நிறுவப்பட்ட பொன்முலாம் பூசிய மாதாவின் செப்புச் சிலை. வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தொலைவைப் பார்ப்பதற்கு முன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கல்லைப் பாருங்கள். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த பழைய கற்களுக்கு நடுவே, நேற்று வைத்ததைப் போல வெளேரென்று ஒரு பூ வேலைப்பாடு தெரியும். தேய்ந்த கல்லை எடுத்துவிட்டு, அதே கந்தோல்யா மலைச் சுரங்கத்தின் கல்லில் அதே வடிவத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். நம் ஊரில் திருப்பணி என்கிறோமே, அந்த வேலைக்கென்று 1387-இல் அமைக்கப்பட்ட நிறுவனம் இன்றுவரை அதைச் செய்துகொண்டிருக்கிறது.

உள்ளே இறங்கியதும் பர்த்தலோமியு புனிதரின் சிலையைத் தேடிப் பாருங்கள். 1562-இல் மார்கோ த அக்ராத்தே செதுக்கியது. தோலுரித்துக் கொல்லப்பட்ட அந்தப் புனிதர், உரிக்கப்பட்ட தன் தோலையே மேல்துண்டைப் போலத் தோளில் போர்த்திக்கொண்டு, நரம்பும் தசையும் தெரிய நிற்கிறார். 'என்னைச் செய்தவன் பிராக்சிடெலீஸ் அல்ல, மார்கோவே' என்று பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பண்டைக் கிரேக்கச் சிற்பியின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு வரும்!

சதுக்கத்தில் யாராவது நட்புடன் சிரித்துக்கொண்டு கையில் கயிறு கட்ட வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். முதல் பயணத்தில் என் மனைவி ஐந்து யூரோ கொடுத்துத்தான் மீள முடிந்தது.

பக்கத்திலேயே கண்ணாடிக் கூரையிட்ட கலேரியா வணிக வளாகம் இருக்கிறது. 1867-இல் திறக்கப்பட்ட இதன் கட்டடக் கலைஞர் மெங்கோனி, நுழைவளைவின் வேலை முடியும் தறுவாயில், 1877 டிசம்பர் 30 அன்று அங்கிருந்தே தவறி விழுந்து இறந்துபோனார். தரையில் உள்ள காளைச் சித்திரத்தின் மீது குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று நம்பி ஊரே சுற்றியதில் அங்கே ஒரு குழியே விழுந்திருக்கிறது. காப்பியை இங்கே அருந்தாமல் இரண்டு தெரு தள்ளிச் சென்று, கல்லா மேடையருகே நின்றபடி அருந்துங்கள். ஒன்றரை யூரோவை ஒட்டித்தான் ஆகும். அதே காப்பிக்கு உட்கார்ந்தால் வேறு விலை.

புகழ்பெற்ற ஆடையலங்காரத் தெருவான மோன்தே நப்போலியோனேவுக்குப் பத்து நிமிடம் போதும். மிலானின் நேர்த்தி அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1928-ஆம் ஆண்டின் வடிவம் என்பதால் 'இருபத்தெட்டு' என்றே அழைக்கப்படும் பழைய டிராம் வண்டிகள் இன்னும் நகருக்குள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றில், பளபளவென்று மெருகேறிய மர இருக்கையில், எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சாம்பல் நிற மேலங்கியும் அதே நிறக் காலணியும் அணிந்து, மடியில் கீரைக்கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்; கீரை வாங்கப் போவதற்கு அந்த உடை. பயணச்சீட்டு தொண்ணூறு நிமிடங்களுக்குச் செல்லும். வங்கி அட்டையைக் கருவியில் தொட்டாலே போதுமானது.

மதிய உணவுக்குக் குங்குமப்பூ சேர்த்த ரிசொத்தோ இந்த ஊரின் அடையாளம். மஞ்சளாக, குழைந்த சோறாக வருவதைப் பார்த்து நம்மவர்கள் சைவம் என்று எண்ணிவிடுகிறார்கள். மரபான செய்முறையில் மாட்டெலும்பின் மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும் என்பதால், சைவர்கள் சொல்லிக் கேட்டுவிட்டே வரவழையுங்கள்.

பிற்பகலில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடத்துக்குச் சென்று லியொனார்டோவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைப் பாருங்கள். முன்பதிவு கட்டாயம், ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பதினைந்து நிமிடம்தான் என்பதால் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஈரச் சுண்ணத்தில் வேகமாக வரையும் முறை அவருக்குப் பிடிக்காததால் உலர்ந்த சுவரில் தீட்டினார். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652-இல் சுவரில் கதவு வெட்டியபோது இயேசுவின் பாதங்கள் போயின. 1943-இல் குண்டு விழுந்து கூடமே சரிந்தபோது மணல் மூட்டைகள் அடுக்கியிருந்த அந்தச் சுவர் தப்பியது. பதினைந்து நிமிடத்தில் இரண்டை மிச்சம் பிடித்துத் திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். 1495-இல் மோந்தோர்ஃபனோ என்பவர் ஈரச் சுண்ணத்தில் வரைந்த சிலுவைக் காட்சி அங்கே வண்ணம் குலையாமல் இருக்கிறது. பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டியபடியே நிற்கிறார்கள்.

சீட்டு கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். முதல் முறை முன்பதிவு செய்யாமல் போய்த் திரும்பிய நான், ஸ்ஃபோர்ட்சா கோட்டையில், இறந்த இயேசுவைத் தாய் மரியா தாங்கி நிற்கும் மிக்கலாஞ்சலோவின் ரொந்தானினி பியத்தா சிலையைப் பார்த்தேன். 1564-இல் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை அவர் செதுக்கிக்கொண்டிருந்து, முடிக்காமல் விட்டது அது. தாயும் மகனும் ஒருவரோடு ஒருவர் கரைந்து நிற்க, முந்தைய வடிவத்தின் மெருகேறிய கை மட்டும் உடலைவிட்டு விலகித் தனியே நிற்கிறது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தும் யாரும் எழச் சொல்லவில்லை.

வெயில் தணிந்ததும் தோரினோ தெரு வழியாகத் தெற்கே நடந்தால், சான் லொரென்ட்சோ ஆலயத்தின் முன் நிற்கும் பதினாறு ரோமானியத் தூண்களைக் கடந்து, அரைமணி நேரத்தில் தார்சேனா என்ற படகுத்துறை வந்துவிடும். அங்கிருந்து நீளும் நவில்யோ கிராந்தே வாய்க்காலை வெட்டத் தொடங்கியது 1177-இல். காலையில் நீங்கள் தொட்ட பளிங்கு மஜ்ஜோரே ஏரியையும் தீச்சினோ ஆற்றையும் கடந்து இந்த நீரில்தான் வந்தது. ஆலயத் திருப்பணிக்கான சரக்கு என்று குறியிட்ட படகுகளுக்குச் சுங்கம் கிடையாது. கரையோரம் ஒரு சந்தில், ஓடு வேய்ந்த தாழ்வாரத்தின் கீழ், பழைய துவைகற்கள் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர்ப் படித்துறைக் கல்லைப் போலவே நடுவில் தேய்ந்து வழவழவென்றிருந்த ஒன்றின் மீது நான் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

இருட்டும் வேளையில் வாய்க்காலோர மேசையில் ஒரு பானம் வாங்கினால், ஆலிவ் காயும் வறுவலும் கூடவே வரும். மது வேண்டாதவர்களுக்கும் கசப்பான ஆரஞ்சுப் பானங்கள் உண்டு. கோடையில் போவதாக இருந்தால் கொசுவிரட்டிக் களிம்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரோரத்துக் கொசுக்கள் நம் ஊர்க் கொசுக்களுக்குச் சளைத்தவை அல்ல.