அடங்காதவர்களை என்ன சொல்லி அழைப்பது? – தமிழ்ச் சொல் கேள்வி பதில்

ஊரோடு ஒத்துப்போகாமல் தன் வழியில் நடப்பவர்களுக்கான சொற்களைப் பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை. தமிழாசிரியை தந்த பதில்கள்.

சாட்ஸ்வொர்த், ஒரு தாய்: டீச்சர், மகள் பேச்சுப் போட்டியில் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேசுகிறாள். "அடங்காப்பிடாரி வள்ளியம்மை" என்று தொடங்கலாமா? கேட்க வீரமாக இருக்கிறது.

வேண்டாம்மா. பிடாரி ஊர் காக்கும் உக்கிர தெய்வம்தான். ஆனால் மனுஷியை அடங்காப்பிடாரி என்றால் அது வசவு. ஆம்பிளையை அப்படித் திட்டுவது அரிது. அடக்கப் பார்த்து முடியாமல் போனவர் வாயிலிருந்து வருகிற சொல் அது. மேடையில் சொன்னால், அந்தப் பிள்ளையை அடைத்துவைத்தவர்களின் குரலில் நாம் பேசியதாகிவிடும்.

வள்ளியம்மை எதை மீறினார் என்று பாருங்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தக் கூலியாக வந்து தங்கிவிட்ட இந்தியர்மீது மூன்று பவுன் தலைவரி வேறு. அதை எதிர்த்துப் பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் வந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலில் விழுந்தார். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். தெரிந்தே சட்டத்தை மீறி, தண்டனையையும் ஏற்றவர். அதற்கென்றே இந்த மண்ணில் பிறந்த சொல் இருக்கிறது: சத்தியாக்கிரகி. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் காந்தி இந்தப் போராட்ட முறைக்கு நல்ல பெயர் கேட்டுப் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று அனுப்பினார். காந்தி அதைத் திருத்திச் சத்தியாக்கிரகம் ஆக்கினார். "அநியாயச் சட்டத்துக்குப் பணியாத சத்தியாக்கிரகி வள்ளியம்மை" என்று தொடங்கச் சொல்லுங்கள்.

எழுத்தில் ஒன்று: 'அடங்காபிடாரி' தவறு. 'அடங்காத' என்பதன் கடைசி எழுத்து விழுந்து 'அடங்கா' ஆகிறது. அப்படி விழுந்தால் அடுத்து ஒற்று மிகும். அடங்காப்பிடாரி, ஓடாக்குதிரை.

பீனிக்ஸ், பத்திரிகைக்கு எழுதுபவர்: 'மேவரிக்' என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்?

சாமுவேல் மேவரிக் என்று டெக்சாஸில் ஒருவர், 1870-இல் இறந்தார். தன் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் மேயவிட்டார். குறியில்லாத கன்றுகளுக்கு அவர் பெயர் ஒட்டி, பிறகு எந்தக் கூட்டத்திலும் சேராத மனிதருக்கும் வந்தது. மாட்டுக் கதை என்பதால் 'கோயில் காளை' என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் அது பொறுப்பில்லாமல் திரிகிறவன். அரசியல்வாதி என்றால் 'கட்சிக் கட்டுக்குள் நிற்காதவர்'. மற்றவருக்குத் 'தனிவழிக்காரர்'. எதிர்மறையாக 'எடுப்பார் கைப்பிள்ளை அல்ல' என்றும் எழுதலாம், அழகாக உட்காரும்.

டொங்காட், கல்லூரி மாணவர்: 'ரெபெல்' தமிழில் என்ன?

எதை எதிர்ப்பவர்? ஆட்சியை எதிர்த்து எழுந்தவர் கிளர்ச்சியாளர். ஊர் வழக்கத்தை மீறியவர் மரபை மீறியவர். சாதியையும் சடங்கையும் எதிர்த்தவர் சுயமரியாதைக்காரர். ஆனால் 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தோடு ஒட்டிய பெயர் அது, சம்பந்தமில்லாதவருக்குப் போடாதீர்கள். எல்லாவற்றையும் எதிர்த்துப் பேசுவதே வேலை என்றால் விதண்டாவாதி. எதை எதிர்ப்பவர் என்று தெரியாமல் சொல்லைத் தேடாதீர்கள்.

மெரிபேங்க், இளைஞர்: டீச்சர், 'கலகக்காரி வள்ளியம்மை' என்றால் என்ன தப்பு? வசவை நாமே பெருமையாக எடுத்துக்கொண்டால் அதன் முள் உடைந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், பெரியவர்: உயிர் கொடுத்த பிள்ளையைக் கலகக்காரி என்பதா, தம்பி?

இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கலகம் கெட்ட சொல்லே என்றில்லை ஐயா. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்கிறோம். ஆனால் தம்பி, 1857-ஐ 'சிப்பாய்க் கலகம்' என்றது வெள்ளைக்காரன் கணக்கு. அதையே விடுதலைப் போர் என்று எழுதியவர்கள் மாற்றியது சம்பவத்தை அல்ல, பெயரை. வசவைத் தானே சூடிக்கொள்ளும் உரிமை உயிரோடு இருப்பவருக்கு உண்டு. இன்று ஒரு பெண் 'நான் கலகக்காரி' என்றால் யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வள்ளியம்மையிடம் கேட்க வழியில்லை. அதனால் அவருக்காக நாம் அதைச் சூட்டக் கூடாது.

மெரிபேங்க், இளைஞர்: அப்படியானால் சத்தியாக்கிரகி என்பதையும் அவரிடம் கேட்டா வைத்தார்கள்?

நல்ல கேள்வி. அந்தப் போராட்டத்தில் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரை ஏற்றுத்தான் சிறைக்குப் போனார்கள், அதனால் அது அவர் சொல். 'கலகம்' உங்களுக்கு வேண்டியே ஆகவேண்டும் என்றால் 'கலகக்காரர்' என்று எழுதுங்கள். '-காரர்' இருபாலுக்கும் மரியாதை.

வெருலம், மாணவி: 'நான்கன்ஃபார்மிஸ்ட்' என்பதற்கு ஒரே சொல்?

டொங்காட் மாணவருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டர்பன், வேலையில் ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்: 'ட்வார்ஸ்ட்ரெக்கர்' என்கிறார்களே?

குறுக்கே இழுப்பவர். எதற்கும் இணங்காத ஆளைச் சொல்வது. தமிழில் ஏர்க்காரர் சொல்லே தயாராக இருக்கிறது: 'குறுக்குச்சால் ஓட்டுகிறவர்'. உழவு நேராகப் போகையில் ஒருவர் மட்டும் குறுக்கே ஓட்டுவது. இரண்டும் குறை சொல்லத்தான், பாராட்டில் வேண்டாம். பாராட்டாக வேண்டுமானால் அவர்களிடம் 'பிட்டரைண்டர்' உண்டு: ஆங்கிலேயருக்கு எதிரான 1899–1902 போயர் போரில் கடைசிவரை சரணடையாதவர். சரணடைந்தவர் 'ஹென்ஸொப்பர்', கையைத் தூக்கியவர்.

ஸ்டாங்கர், இளைஞர்: எங்கள் இசைக்குழுவுக்குத் 'தான்தோன்றி' என்று பெயர் வைக்கலாமா?

வையுங்கள். தானே தோன்றிய லிங்கத்தின் பெயர் அது. ஆளைப் பார்த்துச் சொன்னால் அடங்காதவன் என்ற பொருளும் உண்டு. 'தான்தோன்றித்தனம்' என்றால் திட்டேதான்.

சாட்ஸ்வொர்த், மற்றொருவர்: 'ரெபெல்' தமிழில் ஒரே சொல்லில்?

மேலே இரண்டு தரம் சொல்லியாயிற்று.

ஐசிபிங்கோ, பேரன்: தாத்தாவின் அஞ்சலி மலருக்கு எழுதுகிறோம். யார் பேச்சையும் கேட்கமாட்டார், பிடிவாதக்காரர். என்ன போடலாம்?

பிடிவாதக்காரர் வீட்டுக்குள் செல்லச் சொல். அச்சில் குறையாகத் தெரியும். வீம்புக்காரர் அதைவிட மோசம். 'தன் மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்தவர்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே அவர் எதை எதிர்த்து நின்றார் என்று ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் 'தான்தோன்றித்தனமானவர்' எங்காவது நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.